இயந்திரம் கழுவும், வேலையைப் பகிர்வது யார்?

டெல்டா நகரங்களில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இப்போது அதிசயப் பொருள் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக் கடைகளில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் கிடைத்துவிட்டது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கின்போது வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வர முடியாமல் போன மாதங்களில்தான் இந்தியா முழுவதும் நடுத்தரக் குடும்பங்கள் இதைத் தேடத் தொடங்கின. 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: நம் வீட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகுமா, தண்ணீர் எவ்வளவு செலவாகும், கரண்ட் பில் எகிறுமா? மூன்றுக்கும் விடை உண்டு. தொடர்ந்து பயன்படுத்தினால் சில மாதங்களில் எந்த வீட்டுக்கும் அது தெரிந்துவிடும். கடையில் யாரும் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. இயந்திரம் வந்த பிறகு அதில் பாத்திரங்களை அடுக்குவது யார், காய்ந்ததும் எடுத்து வைப்பது யார், வடிகட்டியில் சிக்கிய பருக்கையை அள்ளிக் கொட்டுவது யார்? இந்தக் கேள்விக்கு வீடு சொல்லும் பதிலைப் பொறுத்தே அந்த இயந்திரம் கொடுத்த காசுக்குத் தகுமா, தகாதா என்பது முடிவாகிறது. இயந்திரம் தேய்க்கும் உழைப்பை ஏற்றுக்கொள்ளும், பொறுப்பைப் பங்கிடாது. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நெல் விளையும் பூமியில் சமையல் என்பது சோற்றைச் சுற்றி நடப்பது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்த பாத்திரம், வடிதட்டு, பருப்பு வேகவைத்த குக்கர், குழம்புக்கு ஒரு குண்டான், ரசத்துக்கு ஒரு பாத்திரம், பொரியல் வாணலி, தாளிக்கும் கரண்டி, மோர்ப் பாத்திரம், ஆளுக்கொரு தட்டு, டம்ளர் என்று தொட்டி நிறைந்துவிடும். காலையின் இட்லித் தட்டுகளும் மாவுப் பாத்திரமும் காபி டவராக்களும் தனி. இரவின் சட்னிக் கிண்ணங்கள் தனி. விசேஷ நாளில் வாழையிலை தட்டுகளை மிச்சப்படுத்தும். சமைத்த பாத்திரங்களை அது மிச்சப்படுத்தாது. இவ்வளவையும் துலக்கும் கை யாருடையது என்பதற்கு அரசிடமே கணக்கு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும் பெண்களில் ஐந்தில் நால்வர் இந்த வேலையைச் செய்ய, ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான் செய்தார். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்தது. வீட்டு வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் பகிரப்படவில்லை என்பதே இந்த எண்கள் சொல்லும் செய்தி.

முதல் கேள்வி, சுத்தம். இயந்திரம் நம் சமையலுக்குத் தாங்காது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் தமிழ் வீடுகளில் அன்றாடம் புழங்கும் எவர்சில்வர், இந்த இயந்திரத்துக்கு மிகவும் ஏற்ற உலோகம். உள்ளே நடப்பது இதுதான்: அடியிலும் நடுவிலும் சுழலும் குழாய்க் கைகளின் துளைகளிலிருந்து சூடான நீர் பாத்திரங்களின் மேல் பீய்ச்சியடிக்கிறது. கை தாங்காத 60, 70 டிகிரி சூட்டில் நெய்யும் எண்ணெயும் உருகி விலகுகின்றன. சவர்க்காரத் தூளில் உள்ள காரம் கொழுப்பைப் பிரிக்கிறது. அதிலுள்ள நொதிகளில் ஒன்று மாவுச்சத்தையும் இன்னொன்று புரதத்தையும் சிதைக்கின்றன. தட்டில் காய்ந்து ஒட்டிய சோற்றுப் பருக்கையையும் பாத்திரத்தின் ஓரத்தில் இறுகிப்போன இட்லி மாவையும் விடுவிப்பது அந்த மாவுச்சத்து நொதிதான். நம் கொல்லைப்புறத்தில் ஒரு காலத்தில் அடுப்புச் சாம்பல் செய்த வேலையும் இதே ரசாயனத்தைச் சேர்ந்தது. சாம்பலிலுள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து கழுவும் இடத்திலேயே கொஞ்சம் சோப்பாக மாறும். மீதியைத் தேங்காய் நாரும் தோள் வலிவும் பார்த்துக்கொண்டன. இயந்திரத்தில் அந்தத் தோள் வலிவின் இடத்தைச் சூடும் நேரமும் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் ஒரு சுற்று முடிய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகிறது. அடிப்பிடித்துக் கருகிய பாத்திரத்தை மட்டும் ஊறவைத்து, சுரண்டிய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

எல்லாப் பாத்திரமும் உள்ளே போகாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அலுமினியக் குக்கர் காரத்தில் கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல் எண்ணெய்ப் பதம் இழந்து துருப்பிடிக்கும். கும்பகோணத்துப் பித்தளை டவராவும் வெண்கலப் பானையும் மங்கும். ஈயம் பூசிய பாத்திரத்தின் பூச்சு தேயும். ரசத்துக்கென்று வைத்திருக்கும் ஈயச்சொம்பு, கல்சட்டி, மண்சட்டி, மர மத்து, மரக்கரண்டி எதுவும் அதற்குள் போகக் கூடாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு என்றைக்கும் புளியும் கையும்தான். ஆகவே இயந்திரம் வந்த வீட்டிலும் தினமும் கொஞ்சம் கைவேலை மிஞ்சும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்கி ஏமாந்ததாக நினைப்பவர்களின் குறை பெரும்பாலும் இங்கிருந்து பிறக்கிறது. தட்டு, டம்ளர், கிண்ணம், கரண்டி, எவர்சில்வர் பாத்திரம் ஆகியவைதான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றை இயந்திரத்துக்கு விட்டுவிட்டு, பழைய உலோகங்களைக் கைக்கு வைத்துக்கொள்ளும் வீடுதான் நீண்டநாள் பயன்படுத்துகிறது.

இரண்டாவது கேள்வியான தண்ணீரில், சொல்லப்படும் கணக்குகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஷ்டாமிங்கர் குழு நடத்திய ஆய்வில், பன்னிரண்டு பேருக்கான சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கையால் கழுவ ஐரோப்பியர்கள் சராசரியாக ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீர் செலவிட்டார்கள். இயந்திரம் அதே வேலையைச் சுமார் 15 லிட்டரில் முடித்தது. இன்றைய இயந்திரங்கள் 10 லிட்டர் அளவிலேயே முடிக்கின்றன. ஆனால் அந்த 100 லிட்டர், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கத்தின் கணக்கு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு தொட்டியில் சோப்பு நீர், இன்னொன்றில் அலசும் நீர் என்று கையால் கழுவினால் வெளியாகும் பசுமைக்குடில் வாயு இயந்திரத்தைவிடவும் குறைவு என்று கண்டது. நம் கிணற்றடி முறையும் இதற்கு நெருக்கமானது. எல்லாவற்றையும் முதலில் தேய்த்து வைத்து, பிறகு ஒரு வாளி நீரில் சொம்பால் மொண்டு அலசும் பெண் தண்ணீரை வீணாக்குகிறவர் அல்லர். எனவே காவிரி நீரைக் காப்பாற்ற இயந்திரம் வாங்குங்கள் என்ற வாதம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சமையலறைத் தொட்டியில் குழாயை ஓடவிட்டுக் கழுவும் புதிய வீடுகளுக்கு அது பொருந்தும். அங்கே மிச்சமாகும் நீர் நிஜமானது.

டெல்டாவுக்கே உரிய ஒரு சங்கடம் கழிவுநீர். இங்கே அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகும். பாத்திரம் அலசிய தண்ணீர் கொல்லை வாழைக்கும் தென்னைக்கும் பாயும். இயந்திரம் வெளியேற்றும் நீரை அப்படி விடக் கூடாது. அதில் காரம் அதிகம். நீரை மென்மையாக்கப் போடும் உப்பின் சோடியமும் சேர்ந்திருக்கும். களிமண் பாங்கான டெல்டா மண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகி நீர் இறங்காது. சவர்க்காரத்தில் பாஸ்பேட் இருந்தால் அது வாய்க்கால்களில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உணவாகும். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரச் சவர்க்காரங்களில் பாஸ்பேட்டுக்கு 2017 ஜனவரி முதல் கடுமையான வரம்பு விதித்தது இந்தக் காரணத்தால்தான். தூள் வாங்குபவர்கள் உறையைப் படித்து பாஸ்பேட் இல்லாததை எடுக்க வேண்டும். கழிவுக் குழாயைப் பாதாளச் சாக்கடைக்கோ உறிஞ்சு குழிக்கோ இணைக்க வேண்டும். தட்டில் மிஞ்சிய சோற்றையும் காயையும் முன்போலவே வழித்து மாட்டுக்கோ எருக்குழிக்கோ போட்டுவிட்டால் இயந்திரத்துக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

குழாயில் வரும் நீரும் எங்கும் ஒன்றல்ல. கொள்ளிடத்து நீர் வரும் ஊர்களில் உப்பும் சுண்ணமும் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மை கூடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் நிலத்தடி நீரே உவர்ப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராமை உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. கடின நீரில் கழுவினால் டம்ளரில் வெள்ளைப் படலம் படியும். அதைத் தடுக்கத்தான் இயந்திரத்துக்குள் உப்பு அறை இருக்கிறது. அங்கே உள்ள பிசின் மணிகள் நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. உப்பு அந்த மணிகளைப் புதுப்பிக்கிறது. இதற்கென விற்கும் பெரிய பரல் உப்பையே போட வேண்டும். சமையல் தூளுப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அறையை அடைத்துவிடலாம். உவர் நீருக்கோ இந்த ஏற்பாடும் உதவாது. அது சுண்ணத்தை மாற்றுமே தவிர உவர்ப்பைக் குறைக்காது. உவர்ப்பு எவர்சில்வரிலும் புள்ளி விழச் செய்யும். கரையோர வீடுகளுக்கு, கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வராதவரை, இந்த இயந்திரம் ஏற்றதல்ல என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வி மின்சாரம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், தினமும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். தமிழக அரசு தரும் 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே எடுத்துக்கொள்ளும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறுவதால், ஏசி ஓடும் கோடை மாதங்களில் இந்த 60 யூனிட் பில்லைக் கூடுதலாகவே உயர்த்தக்கூடும். இயந்திரம் நிறைந்த பிறகு ஒரே சுற்றாக இரவில் ஓட்டுவது, அதிக அழுக்கில்லாத நாளில் குறைந்த சூட்டுச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை செலவைக் கட்டுக்குள் வைக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறக்கக் கூடாது. மின்சாரம் இல்லாத நாளில் நாரும் வாளியும்தான் கைகொடுக்கும். அந்தப் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்ன பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தட்டை வழிக்க வேண்டும், குழிவான பாத்திரத்தைக் கவிழ்த்துச் சாய்த்து வைக்க வேண்டும், சுழலும் கை தட்டாமல் பார்க்க வேண்டும், வாரத்தில் சில முறை வடிகட்டியை எடுத்துக் கழுவ வேண்டும், அதில் சிக்கிய கடுகையும் கறிவேப்பிலைக் காம்பையும் எலுமிச்சை விதையையும் நீக்க வேண்டும், உப்பு தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும், சுற்று முடிந்ததும் பாத்திரங்களை எடுத்து அடுக்க வேண்டும், கைக்கென்று மிஞ்சிய பாத்திரங்களைத் துலக்க வேண்டும். குத்துக்காலிட்டுத் தேய்த்த வேலை போய், நினைவில் வைத்து நடத்தும் வேலை வந்திருக்கிறது. பழைய வேலையைச் செய்தவரே புதிய வேலையையும் செய்தால், முதல் மாதத்தின் உற்சாகம் வடிந்ததும் அவருக்கு இயந்திரமே ஒரு சுமையாகும். அமெரிக்க எரிசக்தித் தகவல் துறையின் 2015 கணக்கெடுப்பில், இந்த இயந்திரம் உள்ள வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அதைப் பயன்படுத்தவே இல்லை என்று தெரியவந்தது. வாங்குவது வேறு, அதோடு வாழ்வது வேறு.

இந்த வாதம் புதிதல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் வானெக் 1974இல் எழுதிய கட்டுரையில், வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் 1920களுக்கும் 1960களுக்கும் இடையே குறையவே இல்லை என்று காட்டினார். குழாய் நீர், மின்சாரம், துவைக்கும் இயந்திரம் எல்லாம் வந்த பிறகான நிலை அது. வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இதற்குக் காரணம் சொன்னார்: இயந்திரங்கள் ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த பங்கை எடுத்துக்கொண்டன, சுத்தத்தின் அளவுகோலை உயர்த்தின, மிச்சமிருந்த வேலை முழுவதையும் ஒரே பெண்ணின் தலையில் வைத்தன. இயந்திரத்தின் பிறப்பிலும் இதற்கொரு தடயம் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். தம் பீங்கான் பாத்திரங்களை வேலையாட்கள் உடைத்துவிடுகிறார்கள் என்ற கவலையே அவரை உந்தியது. 1893 சிகாகோ கண்காட்சிக்குப் பிறகு அதை வாங்கியவையும் ஓட்டல்களும் உணவகங்களும்தான். பெண்ணின் கைக்கு ஓய்வு என்பது வெகுநாள் கழித்து விளம்பரத்தில் சேர்ந்த வாக்குறுதி.

அப்படியானால் இயந்திரம் வேண்டாமா? வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலை. அதற்குக் காரணம், பகிர்வை எளிதாக்கும் ஒரு குணம் இந்த இயந்திரத்தில் இருப்பது. நம் ஊரில் பாத்திரம் துலக்குவது வெறும் வேலையாக இருந்ததில்லை. பிறர் எச்சிலைத் தொடுவது தாழ்வு என்ற எண்ணம் சாதியோடும் பெண் என்ற நிலையோடும் ஒட்டி வளர்ந்தது. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவது வீட்டு ஆணின் உரிமையாகக் கருதப்பட்டது. பத்துப்பாத்திரம் தேய்ப்பவர் என்பது ஏளனமாகச் சொல்லப்பட்டது. ஈரத்தில் குந்தி, நாரும் சாம்பலுமாகத் தேய்க்கும் வேலையை மகனுக்கோ கணவனுக்கோ சொல்லத் தயங்கிய தாய்மார்கள்கூட, தட்டை வழித்து இயந்திரத்தில் அடுக்கச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அடுக்கும் முறையைப் பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அவரவர் தட்டை அவரவர் அடுக்குவது, இரவு ஓட்டுவது ஒருவர், காலையில் எடுத்து வைப்பது இன்னொருவர், வடிகட்டியும் உப்பும் வீட்டு ஆணின் பொறுப்பு என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்த வீட்டில், மாதங்கள் கடந்தாலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இது குடும்பத்தின் உள்விவகாரம், பொதுவெளியில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டு வேலைக்கு மதிப்புண்டு என்பதைப் பொதுவெளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஊதியமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றே அரசு அதை விளக்கியது. நீதிமன்றமும் கருவூலமும் மதித்த உழைப்பைச் சாப்பாட்டு மேசையில் இருப்பவர்கள் மதிக்க மறுப்பதற்கு நியாயம் இல்லை.

உடலுழைப்பே நல்லது, எல்லாவற்றுக்கும் இயந்திரமா என்ற எதிர்ப்புக்கு இந்த மண்ணில் மரியாதையான வேர் உண்டு. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, ஓர் இயந்திரம் யாருக்கு நன்மை செய்கிறது, யாருடைய பிழைப்பை எடுக்கிறது என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். ஆனால் அவர் வழிகாட்டியான காந்தி, 1924இல் ஜி.ராமச்சந்திரனோடு நடத்திய உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு, அந்தச் சுமையைக் குறைக்க ஒருவர் செய்த கருவி அது என்பதே அவர் சொன்ன காரணம். அந்த அளவுகோலில் பாத்திரம் கழுவும் இயந்திரமும் தேறும். உடலுழைப்பின் பெருமையைப் பேசுபவர்கள், அந்த உழைப்பைத் தாங்களும் செய்யும்போதுதான் அந்தப் பேச்சுக்கு எடை வரும்.

முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க்கு இயந்திரம் வாங்க டெல்டாவில் எத்தனை குடும்பத்தால் முடியும் என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலான விவசாயத் தொழிலாளர் குடும்பங்களால் முடியாது. அவர்களுக்கு உதவுவது வேறு: நின்றுகொண்டு கழுவும் உயரத்தில் ஒரு தொட்டி, அங்கே வரும் குழாய் நீர், வழுக்காத தரை. நடவுக் காலத்தில் சேற்றுப்புண் கண்ட காலோடு வீடு திரும்பும் பெண், மீண்டும் ஈரத்தில் குந்தி விரலிடுக்கும் புண்ணாகத் துலக்குவதை இவை குறைக்கும். வீட்டு வசதித் திட்டங்களில் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தொட்டி கட்டாயம் இருக்க வேண்டும். பகிர்வுக்கோ பணமே வேண்டாம். இயந்திரம் இல்லாத வீட்டில் அதன் தேவை இன்னும் அதிகம்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம், வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்களைப் பற்றியது. டெல்டாவுக்கு இந்தக் கதை தெரியும். நெல் குத்திக் கூலி பெற்ற பெண்களின் உலக்கையை அரிசி ஆலைகள் ஓயவைத்தன. 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்த குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காகப் போராடியது அந்தக் கூலியையும் மனத்தில் வைத்துத்தான். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. கதிர் அறுத்துக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கிய பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. உரலுக்கும் அரிவாளுக்கும் திரும்ப வேண்டும் என்று இன்று யாரும் கேட்பதில்லை, அந்த வேலையைச் செய்தவர்களும் கேட்பதில்லை. அந்த இரு முறையும் நேர்ந்த அநீதி, லாபம் நிலத்துக்கும் ஆலைக்கும் போக, நட்டம் முழுவதும் கூலிப் பெண்ணிடம் தங்கியதுதான். அதே தவறு வீட்டுக்குள் மூன்றாம் முறை நடக்கக் கூடாது. இயந்திரம் வாங்கிய வீடு, உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளத்தைக் குறைக்காமல் அவருடைய வேலையின் கடுமையைக் குறைக்க வேண்டும். முதுகொடியும் துலக்கும் வேலை போய், சமையல் உதவி, முதியோர் பராமரிப்பு போன்ற கூடுதல் மதிப்புள்ள வேலைக்கு அவர் நகர்ந்தால், அதற்கேற்ப ஊதியம் உயர வேண்டும்.

இதை வீட்டுக்காரரின் நல்ல மனத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் உறுதி செய்யவில்லை. தமிழ்நாடு 2007இல் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது, 2018இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. ஆனால் நான்கு சுவருக்குள் நடக்கும் வேலைக்கு மேற்பார்வையும் இல்லை, எழுத்துபூர்வ ஒப்பந்தமும் இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கான சட்ட வரையறை குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. டெல்டாவின் வரலாறு இதற்கொரு முன்மாதிரி. பண்ணையாளைக் காக்க 1952இல் சட்டம் வந்தது. 1968 கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டங்கள் வயலைப் பார்த்தன. மிராசு வீட்டுத் தொழுவத்திலும் கொல்லையிலும் உழைத்த பெண்ணின் வேலையை அவை எட்டவில்லை. விடுபட்ட அந்தப் பக்கத்தை எழுத வேண்டிய கடமை இப்போது தமிழக அரசுக்கு இருக்கிறது: பதிவு, வார விடுமுறை, மணிக்கணக்கில் கூலி, வேலையிலிருந்து நிறுத்தினால் இழப்பீடு. வீட்டுக்கு இயந்திரம் வருவதை எந்தச் சட்டமும் தடுக்க வேண்டியதில்லை. அது வரும்போது, அதுவரை அந்த வேலையைச் செய்தவர் வெறுங்கையோடு வெளியேறாமல் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும்.